சுரங்கம் மூடிய பிறகும் வழியும் தண்ணீர்

2015 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் ஹுவான் மலைத்தொடரில் இருக்கும் கோல்டு கிங் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் வாய் உடைந்தது. உள்ளே தேங்கிக் கிடந்த சுமார் 1.1 கோடி லிட்டர் அமில நீர் சிமெண்ட் கிரீக் ஓடையில் பாய்ந்து, சில்வர்டன் ஊரருகே அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆறு முழுக்க ஆரஞ்சு நிறமானது. கீழே டுராங்கோ நகரம் ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்தியது. நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடி மக்கள் பாசன வாய்க்கால்களை அடைத்தார்கள். ஷிப்ராக் பகுதி விவசாயிகள் அந்தப் பருவம் முழுக்க அவற்றைத் திறக்கவே இல்லை. உடைத்தது சுரங்கக் கம்பெனி அல்ல. கசிவைச் சரிசெய்யப் போன அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆட்கள், இடிந்து மூடிக் கிடந்த வாயிலில் மண்ணைத் தோண்டியபோது நடந்தது அது. உள்ளே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று முதலில் துளையிட்டு அளந்திருக்க வேண்டும், அளக்கவில்லை என்று பின்னர் நடந்த தொழில்நுட்ப ஆய்வு சொன்னது.

இந்த விபத்தைப் பற்றி அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று உண்டு. ஒன்பது மணி நேரம் ஓடிய அந்த ஆரஞ்சு வெள்ளம் அனிமாஸ் ஆற்றில் சேர்த்த உலோகத்தின் மொத்த அளவு, பனி உருகும் காலத்தில் அதே ஆறு ஒன்றிரண்டு நாளில் சுமந்துபோகும் உலோகத்துக்குச் சமம் என்று முகமை பிறகு கணக்கிட்டது. விபத்துக்குக் காரணமானவர்களே சொன்ன கணக்கு என்பதால் அது ஒரு சாக்குப்போக்குபோல ஒலித்ததில் வியப்பில்லை. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும், கேமராக்கள் இல்லாத நாட்களில், அந்த மலை இதே சரக்கை ஆற்றில் இறக்கிக்கொண்டே இருக்கிறது. மலைச் சுரங்கங்களுக்கான தண்ணீர்ப் பாதுகாப்பு விதிகள் இந்த அன்றாடக் கசிவுக்காகவே எழுதப்பட்டவை. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை இந்த மலையை வைத்தே பார்க்கலாம்.

முதலில் கசிவு ஏன் வருகிறது? தங்கமும் வெள்ளியும் செம்பும் துத்தநாகமும் இருக்கும் இந்தப் பாறைகளில் பைரைட் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, மஞ்சளாக மின்னும் கல். காற்றுப் படாமல் மண்ணுக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை பெரிதாக இல்லை. சுரங்கம் வெட்டும்போது மலைக்குள் காற்றும் போகிறது, மழைநீரும் உருகிய பனிநீரும் போகின்றன. பைரைட், ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் கூடியதும் அதிலேயே வாழும் ஒரு வகை பாக்டீரியா பெருகி, இந்த வினையின் நடுவே இருக்கும் மெதுவான கட்டத்தைப் பல லட்சம் மடங்கு வேகப்படுத்துகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் இதற்கு மனிதர் தேவையில்லை. வேலை நின்று நூறு வருடம் ஆன சுரங்கமும் அமிலம் காய்ச்சும்.

ஆற்றுக்கு ஆரஞ்சு நிறம் கொடுப்பது இரும்பு. மீனைக் கொல்வதில் பெரும்பங்கு நிறமே இல்லாத துத்தநாகத்துக்கும் செம்புக்கும் காட்மியத்துக்கும். குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகம்வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க வழிகாட்டு அளவு. அதைத் தாண்டினால் சுவை கெடும், அவ்வளவுதான். ஆனால் நீர்வாழ் உயிர்களுக்கான அளவு, நடுத்தரக் கடினத்தன்மையுள்ள தண்ணீரில், லிட்டருக்கு 0.12 மில்லிகிராம். நாற்பதில் ஒரு பங்கு. மனிதர் அள்ளிக் குடிக்கக்கூடிய தெளிந்த ஓடையில் டிரௌட் மீனின் செவுள் வேலை செய்யாமல் போகலாம். “தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதே” என்று சொல்லி ஒரு சுரங்கக் கசிவை யாரும் நியாயப்படுத்த முடியாததற்குக் காரணம் இதுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது சட்டம்.

இப்போது இதே மலையில் ஒருவர் சிறிய வெள்ளிச் சுரங்கம் நடத்த வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டத் தொடங்குவதற்கு முன்பே அவர் செய்ய வேண்டிய வேலை ஓடையை அளப்பது. சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், நிலத்தடி நீருக்குச் சில கண்காணிப்புக் கிணறுகள். கோடை, குளிர், பனி உருகும் காலம் என எல்லாப் பருவத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். இது வெறும் சடங்கு என்று நினைக்கக் கூடாது. சிமெண்ட் கிரீக் ஓடை சுரங்கங்கள் வருவதற்கு முன்பே ஓரளவு அமிலமாக இருந்தது. அந்த மலைச்சரிவுகள் இயற்கையாகவே பைரைட் நிறைந்தவை. எவ்வளவு இயற்கையால், எவ்வளவு வெட்டியதால் என்ற சண்டை அங்கே பல பத்தாண்டுகள் நடந்தது. முன்கூட்டியே அளந்த எண் இல்லாவிட்டால் கம்பெனி “மலையே இப்படித்தான்” என்று சொல்லும். ஊர் “எல்லாம் நீங்கள் செய்தது” என்று சொல்லும். இரண்டையும் நிரூபிக்க வழி இருக்காது.

பிறகு அனுமதிகள். கொலராடோவில் முக்கியமாக இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒன்று, வெட்டிய நிலத்தை மீட்டுத் தருவதற்கான அனுமதி. பாறை அமிலம் உண்டாக்கக்கூடியது என்றாலோ, சயனைடு போன்ற நச்சு இரசாயனம் பயன்படுத்தினாலோ, சுரங்கம் எவ்வளவு சிறியதானாலும் அது தனி வகைக்குள் வந்துவிடும். சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தனியாகத் தயாரித்துத் தர வேண்டும். மற்றொன்று, தண்ணீரை வெளியே விடுவதற்கான அனுமதி. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் கேட்பது இது. இந்த அனுமதி இல்லாமல் சுரங்க வாயிலிருந்து ஒரு குழாய்த் தண்ணீரைக்கூட ஓடையில் விடக் கூடாது. வனத்துறை நிலமாக இருந்தால் மூன்றாவதாக அவர்களுடைய ஒப்புதலும் வேண்டும்.

தண்ணீர் அனுமதியில் எண்கள் இருக்கும். தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் நீருக்கு நாடு முழுமைக்கும் பொதுவான எல்லை இது: துத்தநாகம் எந்த ஒரு நாளிலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முப்பது நாள் சராசரி 0.75-ஐத் தாண்டக் கூடாது. செம்புக்கு 0.30, 0.15. ஈயத்துக்கு 0.6, 0.3. காட்மியத்துக்கு 0.10, 0.05. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 6-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். இவை மேல் எல்லைகள் மட்டுமே. சின்ன ஓடையில் விடுவதாக இருந்தால், அந்த ஓடையின் மீன்கள் தாங்கும் அளவைப் பார்த்து அனுமதியில் இன்னும் கடுமையான எண்ணை எழுதுவார்கள். பெரிய ஆற்றங்கரையில் இருக்கும் சுரங்கத்தைவிட மலையுச்சியில் இருக்கும் சிறிய சுரங்கத்துக்கு இந்த வகையில் கஷ்டம் அதிகம். கலந்து நீர்த்துப்போக அங்கே போதிய தண்ணீர் கிடையாது.

எண்களை எட்டுவதற்கு அடிப்படையாக ஒரு வேலை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் பாதிச் செலவு மிஞ்சும் என்பது என் கருத்து. நல்ல தண்ணீரைச் சுரங்கத்தின் பக்கமே வர விடாமல் திருப்பிவிடுவது. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரையும் பனிநீரையும் கழிவுப்பாறைக் குவியலைத் தொடாமல் சுற்றிக் கொண்டுபோகக் கால்வாய் வெட்ட வேண்டும். சுரங்கத்துக்குள்ளும் கூரையிலிருந்து சொட்டும் சுத்தமான ஊற்றைக் குழாயில் பிடித்துத் தனியாக வெளியே விட வேண்டும். கெட்ட பாறையைத் தொட்ட தண்ணீரை மட்டும் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். நல்லதும் கெட்டதும் கலந்த பிறகு, மொத்தத்தையும் கெட்டதாகவே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். கழிவுப்பாறையை எங்கே கொட்டுவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். ஓடைக்கரையில் கொட்டுவது எளிது, மலிவு. பழைய சுரங்கங்கள் பலவும் அதைத்தான் செய்தன.

சுத்திகரிப்பில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. அமில நீரில் சுண்ணாம்பைக் கலக்கிறார்கள். அமிலம் முறிந்து பி.எச். ஏற ஏற உலோகங்கள் ஒவ்வொன்றாகத் திடப்பொருளாகப் பிரிந்து அடியில் படியும். இரும்பு சீக்கிரமே படிந்துவிடும். துத்தநாகமும் காட்மியமும் படிய பி.எச். 9-க்கு மேல் போக வேண்டியிருக்கும். வெளியேறும் நீருக்கோ 9தான் எல்லை. அதனால் மறுபடி இறக்கி விட வேண்டும். உலோக எல்லைகளை எட்டுவதற்குத் தேவை என்றால் 9-ஐச் சற்றே தாண்ட அனுமதி அதிகாரி இடம் கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. எழுதியவர்களுக்கு வேதியியல் தெரிந்திருந்தது. கடைசியில் மிஞ்சுவது கசடு. துத்தநாகமும் காட்மியமும் செறிந்த இந்தச் சேற்றைத் தண்ணீர் வடித்து, அடியில் விரிப்புப் போட்ட இடத்தில் பாதுகாப்பாகக் கொட்ட வேண்டும். இந்தச் செலவைத் தொடக்கத் திட்டங்களில் பலரும் குறைத்தே காட்டுவார்கள். ஆனால் நிலையம் ஓடும் ஒவ்வொரு நாளும் கசடு சேர்ந்துகொண்டே இருக்கும்.

மலை இதையெல்லாம் கடினமாக்குகிறது. சில்வர்டன் ஊரே கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சுரங்க வாய்கள் இன்னும் உயரத்தில், கோல்டு கிங் ஏறக்குறைய 3,480 மீட்டரில். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் சுண்ணாம்பு ஏற்றிய லாரி மேலே போக முடியாது. குழாய் உறைந்துவிடும். மின்சாரம் போய்விடும். ஆனால் சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீர் நிற்காது. மே, ஜூன் மாதங்களில் பனி உருகும்போது ஓட்டம் பல மடங்கு பெருகும். அந்த உச்ச நாட்களுக்கு ஏற்றபடி குளத்தின் கொள்ளளவையும் பம்பின் திறனையும் வைக்காமல் ஆண்டுச் சராசரிக்கு வைத்த நிலையம், எந்த நாட்களில் மிகவும் வேண்டுமோ அந்த நாட்களில்தான் வழிந்து ஓடும். சிறிய சுரங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதிரி எடுப்பது, அறிக்கை எழுதுவது, பம்பைப் பார்ப்பது எல்லாம் ஒன்றிரண்டு பேர் தலையில் விழும். அவர்களில் ஒருவர் விலகினால் அந்த மாத அறிக்கையும் போகும். ஆய்வு முடிவுகளை அனுமதியில் குறித்த தவணைப்படி அரசுக்கு அனுப்ப வேண்டும். எல்லை மீறியிருந்தால் அதையும் சுரங்கமே எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். ஆற்றின் கீழே இருக்கும் விவசாயியும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

இவ்வளவும் சுரங்கம் நடக்கும்போது. மூடிய பிறகு என்ன என்பதே உண்மையான சோதனை. சில்வர்டனுக்கு மேலே சன்னிசைடு என்று ஒரு சுரங்கம். 1978 ஜூன் 4ஆம் தேதி அதற்கு மேலிருந்த எம்மா ஏரியின் அடித்தளம் உடைந்து, ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் இறங்கி, கீழேயிருந்த அமெரிக்கன் டனல் என்ற நீண்ட குகைப்பாதை வழியாகப் பீறிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே யாரும் இல்லை. அதிலிருந்து மீண்டு நடந்த சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அமெரிக்கன் டனல் வழியாக வந்த அமில நீரை ஒரு நிலையம் சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆனால் வருமானம் இல்லாத கம்பெனி எத்தனை காலம் அதை நடத்தும்? 1996இல் மாநில அரசோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுரங்கப்பாதைகளில் கான்கிரீட் அடைப்புச் சுவர் எழுப்பித் தண்ணீரை உள்ளேயே நிறுத்துவது, அருகிலுள்ள வேறு பழைய கழிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது, ஆற்றின் துத்தநாக அளவு குறித்த எல்லைக்குள் நின்றால் பொறுப்பிலிருந்து விடுபடுவது.

அடைப்புச் சுவருக்கு அறிவியல் நியாயம் உண்டு. சுரங்கம் தண்ணீரில் மூழ்கினால் காற்றுப் போகாது. காற்று இல்லாவிட்டால் அமிலம் குறையும். ஆனால் நூறாண்டுகளாகப் பலர் பல திசையில் குடைந்த மலை அது. அடைத்த தண்ணீர் உள்ளே உயர்ந்தது. முன்பு கொஞ்சமாகக் கசிந்த அக்கம்பக்கத்துச் சுரங்கங்களில், கோல்டு கிங் உட்பட, ஓட்டம் பெருகியது. சன்னிசைடு தண்ணீர்தான் அங்கே போனது என்பதை அந்தக் கம்பெனி ஏற்கவில்லை. ஆய்வாளர் பலர் அப்படித்தான் கருதினார்கள். இதற்கிடையே சுத்திகரிப்பு நிலையம் கைமாறி, புதிய உரிமையாளரிடம் பணமில்லாமல் 2000-களின் நடுவில் நின்றுபோனது. அதற்குப் பின் கீழ் ஆற்றில் மீன்கள் குறைந்தன. 2015இல் உடைந்து வந்ததும் இப்படிச் சேர்ந்த தண்ணீர்தான் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. விபத்து நடந்த சில மாதங்களுக்குள் அவசரமாக ஒரு நிலையம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 48 சுரங்கங்களும் கழிவு இடங்களும் சேர்த்து அந்தப் பகுதி முழுவதும் சூப்பர்ஃபண்ட் என்ற மத்திய அரசுச் சுத்திகரிப்புப் பட்டியலில் ஏறியது. 2022இல் சன்னிசைடு, அதன் தாய் நிறுவனம் கின்ராஸ், அமெரிக்க அரசு ஆகிய தரப்புகள் சேர்ந்து 9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

இந்தக் கதையில் பொறியியல் தவறியதைவிடப் பணம் தவறியதே பெரிது என்று நினைக்கிறேன். வாடகை வீட்டுக்கு முன்பணம் வாங்கி வைப்பதுபோல, வெட்டும் முன்பே மீட்புச் செலவுக்கான பிணைத்தொகையைச் சுரங்கத்திடம் வாங்கி வைக்கிறது அரசு. கேள்வி, அது எவ்வளவு என்பதுதான். இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், சம்மிட்வில் என்ற இடத்தில் கனடா கம்பெனி ஒன்றின் துணை நிறுவனம் 1980-களில் சயனைடு கரைசலால் தங்கம் பிரித்தது. அடியில் போட்ட விரிப்பு ஆரம்பத்திலேயே ஒழுகியது. ஆவியாகிப் போகும் என்று எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் தேங்கியது. உயர்ந்த மலையில் பனியைக் குறைத்துக் கணக்கிட்டதன் விளைவு. 1992 டிசம்பரில் கம்பெனி திவாலாகி வெளியேறியது. அலமோசா ஆற்றில் சுமார் 27 கிலோமீட்டருக்கு உயிரினம் இல்லை என்ற நிலை. அரசிடம் பிணையாக இருந்தது சில மில்லியன் டாலர். செலவானது 15 கோடி டாலருக்கும் மேல். அதன் பிறகுதான், 1993இல், அமிலம் உண்டாக்கும் சுரங்கங்களுக்குத் தனி வகையும் கூடுதல் பிணையும் கொலராடோ சட்டத்தில் வந்தன. 2019இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி, தண்ணீர்ச் சுத்திகரிப்பு எப்போது முடியும் என்று நியாயமான ஓர் இறுதிக் காலத்தைக் காட்ட முடியாத புதிய சுரங்கத்துக்குப் பொதுவாக அனுமதி இல்லை. “எங்கள் கம்பெனி வலுவானது, எங்கள் வார்த்தையே பிணை” என்று சொல்வதும் இனி செல்லாது. தண்ணீரைப் பாதுகாக்கும் செலவும் பிணைத்தொகைக்குள் வர வேண்டும்.

2019 சட்டத்தின் அந்த முதல் விதியை நான் மனமார ஆதரிக்கிறேன். முடிவில்லாத சுத்திகரிப்பு என்பது, பத்துப் பதினைந்து ஆண்டு வருமானத்துக்காகப் பேரப்பிள்ளைகளின் தலைமுறைமீது வைக்கும் கடன். சிறிய சுரங்கக்காரர்களுக்கு இது பெரிய சுமை என்று ஒரு வாதம் உண்டு. அது உண்மையும்கூட. பிணைத்தொகை கட்ட முடியாமல் சில திட்டங்கள் நின்றுபோகலாம். ஆனால் அந்தத் தொகையைச் சுரங்கம் தராவிட்டால் தரப்போவது டுராங்கோவில் தண்ணீர் வரி கட்டுகிறவரும் ஷிப்ராக்கில் சோளம் போடுகிறவரும்தான்.

புதிய சுரங்கங்களுக்கு இந்த விதிகள் பொருந்தும். பழையவற்றில் பலவற்றுக்கு உரிமையாளரே கிடையாது. 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வெட்டியெடுக்க உரிமை கொடுத்ததே தவிர, திரும்பிச் சரிசெய்யச் சொல்லவில்லை. கொலராடோவில் மட்டும் கைவிடப்பட்ட சுரங்கங்கள் சுமார் 23,000. அனிமாஸ் பள்ளத்தாக்கில் 1994இலிருந்து ஊர்க்காரர்களும் விஞ்ஞானிகளும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் ஒரு குழுவாகக் கூடி, தண்ணீரை அளந்து, கழிவுக் குவியல்களை நகர்த்தி, கால்வாய் வெட்டினார்கள். ஆனால் அமில நீர் கொட்டும் ஒரு சுரங்க வாயில் அவர்கள் கைவைக்க முடியவில்லை. கைவைத்தால் தூய நீர்ச் சட்டப்படி அந்தக் கசிவுக்கு அவர்களே பொறுப்பாவார்கள். சட்டத்தின் பார்வையில், என்றென்றைக்கும்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் மனுக்கள் போயின. 2024 டிசம்பரில் அதற்கான மத்தியச் சட்டம் கையெழுத்தானது. பழைய சுரங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர், தண்ணீரை முழுக்கச் சுத்தமாக்க முடியாவிட்டாலும் இருப்பதைவிட மேம்படுத்த முன்வந்தால், அனுமதி பெற்று அந்தப் பொறுப்புச் சுமையில்லாமல் செய்யலாம். இப்போதைக்கு இது ஒரு சோதனை ஏற்பாடுதான். நாடு முழுவதற்கும் 15 திட்டங்கள், அனுமதி கொடுக்க ஏழு ஆண்டுகள். அந்தச் சுரங்கத்தை முன்பு நடத்தியவரும் அதன் மாசுக்குப் பொறுப்பானவரும் விண்ணப்பிக்க முடியாது.